வெற்றுக் கூட்டின் விலை

எந்தப் பொருளுக்கும் விலை இரண்டு வகையால் அமைகிறது. அது எதனால் ஆனது என்பது ஒன்று. அது என்னவாக ஆக்கப்பட்டிருக்கிறது என்பது மற்றொன்று. தராசுக்கு முன்னது மட்டுமே தெரியும். இந்தச் சிறிய உண்மையைப் பட்டப்படிப்பு நமக்குக் கற்பிக்கவில்லை, அலுவலகமும் கற்பிக்கவில்லை. ஜபல்பூரில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்த காலத்தில் 4,000 ரூபாய் கட்டிக் கற்றுக்கொண்டோம். அந்த வரலாற்றைச் சங்க மலரின் வாசக அன்பர்கள் முன் வைப்பதில் நமக்குச் சிறிது வெட்கம் உண்டு. ஆயினும், மாற்றல் உத்தரவு வந்த போதெல்லாம் மூட்டை கட்டும் நம்போன்ற குடும்பங்களுக்கு அதனால் ஒரு பயன் விளையலாம் என்ற எண்ணத்தில் எழுதத் துணிந்தோம்.

அது 2006-ஆம் ஆண்டு. நமக்கு வயது 28. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கீழ்நிலை எழுத்தராக ஜபல்பூருக்கு வந்து மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. 1904-ல் பீரங்கி வண்டித் தொழிற்சாலை அங்கே தோன்றிய நாள்முதல் ஜபல்பூர் படைக்கலத் தொழிலின் ஊர். பின்னர் கமரியாவில் வெடிபொருள் தொழிற்சாலையும் வந்தது. அந்தத் தொழிற்சாலைகளை நம்பியும் ரயில்வேயை நம்பியும் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் அங்கே பல உண்டு. நமக்கு வீடு வாடகைக்குக் கொடுத்தவர் தமிழரல்லர். ஓய்வுபெற்ற வனத்துறை அதிகாரி. மண்டலா, பாலாகாட் மாவட்டக் காடுகளில் வாழ்நாளைக் கழித்தவர். எண்பதுக்கு இரண்டு குறைந்த வயது. தெருவார் அனைவரும் அழைத்தபடியே நாமும் அவரை 'பாபுஜி' என்றே அழைத்தோம். அவர் நம்மை 'பேட்டா' என்பார். அவருடைய துணைவியார் நமக்கு 'மாதாஜி'.

பாபுஜியிடம் ஒரு ரைபிள் இருந்தது. லண்டனைச் சேர்ந்த ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 1912-ல் வகுத்த .375 மாக்னம் என்னும் தோட்டாவுக்கு உரிய ரைபிள் அது. ஐம்பதுகளில் எவரிடமிருந்தோ பழையதாக வாங்கியது. ஆட்கொல்லி விலங்குகளைச் சுடவேண்டிய கடமை தமக்கு நேர்ந்தபோதெல்லாம் அதையே எடுத்துச் சென்றதாகச் சொல்வார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அது சுடவில்லை. ஆனால் 34 ஆண்டுகளும் மாதம் தவறாமல் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைத்து வந்தார். அந்த மாத வேலையில் நாமும் சில முறை உடனிருந்து துணி பிடித்ததுண்டு.

ரைபிள் இருந்தது, அதற்குத் தோட்டா இல்லை. கடைசித் தோட்டா எப்போதோ தீர்ந்துவிட்டது. சுட்டபின் எஞ்சிய பித்தளைக் கூடுகள் மட்டும் இருபது, ஒரு பிஸ்கட் டப்பாவில் பஞ்சு சுற்றி வைக்கப்பட்டிருந்தன. இந்தியில் அதனைக் 'கோக்கா' என்பார்கள். அவ்வப்போது டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்த்து மூடிவைப்பார். முதுமையின் பழக்கம் என்று நாம் உள்ளூரச் சிரித்துக்கொண்டோம்.

அவ்வாண்டு மழைக்காலம் முடியும் தறுவாயில் மாதாஜிக்கு இரு கண்களிலும் அறுவை செய்யவேண்டும் என்று மருத்துவர் சொன்னார். மகள் நாக்பூரில் இருந்ததால் அங்கேயே செய்துகொள்வதென முடிவாயிற்று. செலவுக்குப் பாபுஜி ரைபிளை விற்க எண்ணினார். துப்பாக்கி சுடுதலில் ஆர்வமும் முறையான உரிமமும் உடைய ஒருவர் வேறு மாவட்டத்திலிருந்து வந்து பார்த்தார். ரைபிளைக் கையில் எடுப்பதற்கு முன்பே அவர் கேட்ட கேள்வி, "காலிக் கூடு எத்தனை இருக்கிறது?" என்பது. டப்பாவைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. கூடுகளும் சேர்ந்தால் இன்ன விலை என்று ஒப்புக்கொண்டார். அவற்றை மீண்டும் நிரப்புவதற்கு உரிய அனுமதிகளைப் பெறுவது தம் பொறுப்பு என்றார்.

உரிமம் பெற்ற தனியார் ஒருவர் தம் துப்பாக்கியை மற்றவருக்கு விற்பதாயின், 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி முன்னதாக எழுத்து மூலம் அறிவித்து 45 நாள் காத்திருக்கவேண்டும். அந்த அறிவிப்பை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தவர் நாமே. நம் நடையைப் பாபுஜி பாராட்டினார். ரைபிளை உரிமம் பெற்ற வணிகரிடம் ஒப்படைத்துவிட்டு, தம்பதியர் நாக்பூருக்குப் புறப்பட்டனர். புறப்படும்போது பிஸ்கட் டப்பாவை நம் கையில் கொடுத்து, "பேட்டா, இது பத்திரம்" என்றார் பாபுஜி.

திறந்து பார்த்தோம். மேலே உரிமத்தின் நகல், விண்ணப்பத்தின் நகல், வணிகர் கொடுத்த ரசீது ஆகியவை இருந்தன. கீழே கூடுகள். எழுத்தன் மூளைக்குத் தாள்தானே பொருள்? தாள்களை எடுத்து உறையிலிட்டு, மேலே விவரம் எழுதி, நம் டிரங்குப் பெட்டியில் பூட்டினோம். கூடுகள் இருந்த டப்பாவைப் பரணில் ஏற்றினோம். 'பத்திரம்' என்ற சொல் எதைக் குறித்தது என்பதில் நமக்கு எள்ளளவும் ஐயம் எழவில்லை.

ஐப்பசியில் தீபாவளிக்கு முன் வரும் தந்தேரஸ் நாளில், வடநாட்டில் ஏதேனும் ஓர் உலோகப் பாத்திரம் வாங்குவது மங்கலம் என்பர். அக்கம்பக்கத்தார் வாங்கும்போது நாம் மட்டும் சும்மா இருப்பதா? பரணிலிருந்து நசுங்கிய பித்தளைச் செம்பு, ஓட்டை விழுந்த குடம், காது போன தவலை எல்லாம் இறங்கின. நம் தாயார் காலத்துப் பாத்திரங்கள். பித்தளையைப் போட்டு எவர்சில்வர் வாங்குவது நம் குலத்தொழில் போல் ஆகியிருந்த காலமல்லவா? டப்பாவும் இறங்கியது. துணைவியார் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏங்க, இது அவங்க வெச்சிட்டுப் போனதாச்சே, இதையுமா போடறது?" என்றார். நாம் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் விடை பகர்ந்தோம்: "வெடித்து முடிந்த தோட்டாவுக்கு என்ன மதிப்பு? அவர் காகிதமெல்லாம் பத்திரமாக இருக்கிறது. போடு. பணத்தை அவர் வந்ததும் கொடுத்துவிடலாம்."

பாத்திரக் கடைக்காரர் கூடுகளைக் கண்டு தயங்கினார். ஜபல்பூர்க்காரர் அல்லவா? "தொழிற்சாலைப் பொருள் இல்லையே?" என்று கேட்டார். நம் அலுவலக அடையாள அட்டையைக் காட்டி அவர் ஐயத்தைப் போக்கினோம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 16 கிராம். இருபதும் சேர்ந்து முந்நூறு கிராமுக்குச் சற்று மேல். பழைய பித்தளை விலையில் ஐம்பது ரூபாய்கூட வரவில்லை. மற்றவற்றோடு சேர்த்துக் கழித்துக்கொண்டு, மூடியிட்ட எவர்சில்வர் சம்புடம் ஒன்றைக் கொடுத்தார். மஞ்சள் குங்குமம் இட்டு அதில் சர்க்கரை நிரப்பினோம்.

கார்த்திகையில் பாபுஜி திரும்பினார். மாதாஜிக்குக் கண் தெளிந்திருந்தது. மறுநாள் காலை டப்பாவைக் கேட்டார். நாம் டிரங்குப் பெட்டியைத் திறந்து தாள்களை நீட்டினோம். அவர் அவற்றை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு, "கூடுகள் எங்கே?" என்றார்.

நாம் நடந்ததைச் சொன்னோம். ஒளிக்கவில்லை, துணைவியார்மேல் பழியைப் போடவுமில்லை. பாபுஜி ஒன்றும் பேசவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் போட்டுக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

நாம் அலுவலகத்துக்கு விடுப்பு எழுதியனுப்பிவிட்டுப் பாத்திரக் கடைக்கு ஓடினோம். பழைய பித்தளை போன வாரமே உலைக்குப் போய்விட்டது என்றார் கடைக்காரர். நம் முகத்தைப் பார்த்து இரங்கி, கோணியின் அடியைத் தட்டிக் கொட்டினார். ஐந்து கூடுகள் உருண்டு வந்தன. வாங்கிக்கொண்டு ஓடிவந்து அவர் முன்னால் வைத்தோம். பாபுஜி ஒவ்வொன்றாக எடுத்து, அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஐந்தும் கைனாக்" என்றார். பிறகு, அன்று மாலை, கோபமின்றி நமக்குப் பாடம் சொன்னார்.

நிற்க. அந்தப் பாடத்தை இங்கே சுருங்கச் சொல்லாவிடில் மேலே நடந்தது விளங்காது.

ஒரு தோட்டாவுக்கு உறுப்புகள் நான்கு. பாய்ந்து செல்லும் குண்டு ஒன்று. அதை உந்தும் மருந்து ஒன்று. மருந்துக்குப் பொறி தரும் பிரைமர் என்னும் சிறு தொப்பி ஒன்று. இம்மூன்றையும் தாங்கி நிற்கும் பித்தளைக் கூடு ஒன்று. சுட்டவுடன் முதல் மூன்றும் முடிந்துபோகும். கூடு மட்டும் மிஞ்சும். நூற்றுக்கு எழுபது பங்கு தாமிரமும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை அது. மாக்னம் தோட்டா வெடிக்கும்போது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 60,000 பவுண்டு அழுத்தம் எழுகிறது. அந்தக் கணத்தில் கூடு விரிந்து ரைபிளின் அறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, புகை பின்னோக்கி வாராமல் அடைத்துவிடுகிறது. அடுத்த கணத்தில் சற்றே சுருங்கி, இழுத்தால் வெளிவருகிறது. விரியவும் வேண்டும், மீளவும் வேண்டும் என்னும் இந்த இரட்டைக் குணத்துக்காகவே பித்தளையைத் தேர்ந்தார்கள். முறையாகத் திருத்தி, புதிய பிரைமரும் மருந்தும் குண்டும் இட்டால் அதே கூடு மறுபடியும் தோட்டாவாகும். தோட்டாவின் உறுப்புகளில் விலை மிக்கதும் மறுமுறை பயன்படுவதும் அதுவே.

ஆனால் எத்தனை முறை? ஒவ்வொரு முறை விரிந்து சுருங்கும்போதும் பித்தளை சிறிது இறுகுகிறது. இறுகிய பித்தளை கழுத்துப் பக்கம் கீறிவிடும். கழுத்துக்கு மட்டும் சூடுகாட்டிப் பதப்படுத்தினால் அதன் ஆயுள் நீளும். அடிப்பக்கத்துக்குச் சூடு ஏறலாகாது, அது இறுகியே இருத்தல் வேண்டும். .375 வகைக் கூட்டின் அடியில் அரைஞாண் போல் ஒரு பட்டை உண்டு. கூடு அறைக்குள் எவ்வளவு தூரம் செல்லவேண்டும் என்பதை அந்தப் பட்டையே நிறுத்திக் காட்டும். அதனால் பட்டைக்குச் சற்று முன்னால் உள்ள சுவர் ஒவ்வொரு முறையும் இழுபட்டு மெலியும். ஒருநாள் அந்த இடத்தில் கூடு இரண்டாகப் பிரியும். ஆகவே சாதாரணத் தோட்டாவின் கூடு உழைக்கும் அளவுக்குப் பட்டையிட்ட மாக்னம் கூடு உழைப்பதில்லை. விலை மிகுதி, ஆயுளோ குறைவு.

நாம் விற்ற இருபதில் பன்னிரண்டு, பர்மிங்ஹாமில் செய்த கைனாக் கூடுகள். எட்டு, அமெரிக்க வின்செஸ்டர் கூடுகள். அறுபதுகளில் வேட்டைக்கு வந்த ஒரு வெளிநாட்டாரிடமிருந்து முறையாக விலைக்கு வாங்கிய தோட்டாக்களின் மிச்சம். இரண்டுக்கும் வேறுபாடு அடியில் இருந்தது. பிரைமர்களில் இருவகை உண்டு. பாக்ஸர் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயரால் ஒன்று. பெர்டன் என்ற அமெரிக்கரின் பெயரால் ஒன்று. வேடிக்கை என்னவெனில், ஆங்கிலேயர் வகுத்ததை அமெரிக்கா ஏற்றுக்கொண்டது. அமெரிக்கர் வகுத்ததை ஐரோப்பா ஏற்றுக்கொண்டது. பாக்ஸர் முறையில் கூட்டின் அடி நடுவே ஒரே துளை. ஊசியை உள்ளே விட்டுத் தள்ளினால் பழைய தொப்பி கழன்றுவிடும். பெர்டன் முறையில் நடுவே துளை இல்லை. பக்கத்துக்கொன்றாக இரு நுண்துளைகள். தொப்பியைக் கழற்றுவதே பெரும்பாடு. அன்றியும் பழைய பிரைமர்கள் பலவற்றில் பாதரசச் சேர்மம் இருந்தது. வெடித்தபின் அந்தப் பாதரசம் பித்தளையில் ஊறி, அதை நொறுங்கும் பொருளாக்கிவிடும்.

"நீ காப்பாற்றிக் கொண்டுவந்த ஐந்தும் மறுமுறை பயன்படாதவை. உருகிப்போன எட்டும் பயன்படுபவை" என்றார் பாபுஜி. அவர் சிரித்தார். நம்மால் சிரிக்க இயலவில்லை.

புதியது வாங்கக்கூடாதா என்று கேட்டோம். எங்கே வாங்குவது என்று அவர் திருப்பிக் கேட்டார். கைனாக் நிறுவனம் அறுபதுகளில் பெருவேட்டைத் தோட்டாக்களைப் படிப்படியாகக் கைவிட்டது. பேரரசு சுருங்கியது, வாங்குவோர் குறைந்தனர், இயந்திரம் நின்றது. 1990-களில் இங்கிலாந்தில் ஒரு சிறு நிறுவனம் அதே பெயரில் அவற்றை மீண்டும் செய்யத் தொடங்கியதாம்; ஆனால் ஓய்வூதியத்தில் வாழும் ஒரு வனத்துறைக்காரர் அனுமதிகளைப் பெற்று அதை இறக்குமதி செய்வது நடக்கிற காரியமா? தோட்டா கிடைப்பதைப் பொறுத்துத்தான் ரைபிளின் விதி என்பதற்கு அவர் ஒரு பழங்கதையும் சொன்னார். ஆங்கில அரசு 1907-ல், கிளர்ச்சிக்காரர் கைக்குப் போய்விடும் என்றஞ்சி, .450 விட்டத் தோட்டாக்கள் இந்தியாவுக்குள் வருவதைத் தடுத்தது. உடனே லண்டன் கொல்லர்கள் .465, .470 என்று புதிய அளவுகளை வகுத்தார்கள். பழைய .450 ரைபிள்களை வைத்திருந்தவர்கள் இரும்பைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். "கூடில்லாத ரைபிள் எண்ணெய் போட்ட கைத்தடி" என்பது பாபுஜியின் வாக்கு. தென்னாட்டான் என்பதால் நமக்குச் சேலம், தருமபுரிக் காடுகளில் திரிந்த கென்னத் ஆண்டர்சனையும் நினைவூட்டினார். அவர் கையிலிருந்த .405 வின்செஸ்டரும் பின்னாளில் தோட்டாவுக்குத் தட்டுப்பட்ட ரைபிள்தானாம்.

45 நாள் கழிந்தது. வாங்குபவர் வந்தார். கூடுகள் போன செய்தி கேட்டு, ஒப்புக்கொண்ட விலையில் 4,000 ரூபாயைக் குறைத்தார். அவர்மேல் தவறில்லை. பாபுஜியும் வாதாடவில்லை. அப்போது அந்தத் தொகை நம் சம்பளத்தில் பாதிக்கு மேல்.

அன்றிரவு நாமும் துணைவியாரும் நெடுநேரம் பேசினோம். மாதம் 1,000 ரூபாயாக நான்கு தவணைகளில் கொடுத்துவிடுவதென முடிவு செய்தோம். உண்மையை எழுதினால், பாபுஜி வாங்க மறுத்துவிடுவார் என்றே நாம் எதிர்பார்த்தோம். பெரியவர்கள் மறுப்பார்கள், நாம் வற்புறுத்துவோம், அவர்கள் மறுபடி மறுப்பார்கள், நம் மனமும் ஆறும், பணமும் மிஞ்சும். நாம் அறிந்த நாகரிகம் அதுதானே? முதல் தவணையை நீட்டினோம். பாபுஜி வாங்கி, எண்ணிப் பார்த்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு தாளில் ரசீது எழுதிக் கொடுத்தார். அடுத்த மூன்று மாதங்களும் அவ்வாறே. கடைசி ரசீதில் மொத்தத் தொகையையும் குறித்து ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டினார். 5,000 ரூபாய்க்கு மேற்பட்டால்தான் ஸ்டாம்பு வேண்டும் என்று எழுத்தன் புத்தியில் நாம் சொன்னோம். "இருக்கட்டும், பழக்கம்" என்று அதன்மேல் கையெழுத்திட்டார்.

முதல் மாதம் நமக்கு உள்ளூரக் கசந்தது என்பதை மறைப்பானேன்? கையில் பணமில்லாமல் குழந்தைக்கு வாங்கவேண்டிய கம்பளிச் சட்டையைத் தள்ளிவைத்தோம். நான்காம் மாதம் வேறுவிதமாகத் தோன்றியது. அவர் மறுத்திருந்தால் நாம் அந்த வீட்டில் தலைநிமிர்ந்து குடியிருந்திருக்க முடியாது. படியிறங்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பிஸ்கட் டப்பா நம்மைப் பார்த்திருக்கும். பட்ட கடனைத் தீர்க்க விடுவதும் ஒரு கருணை என்பதை அப்போது அறிந்தோம். அதன்பின் நான்காண்டுகள் அங்கே குடியிருந்தோம். பாபுஜி ஒருமுறைகூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை. 2010-ல் நமக்கு மாற்றலாயிற்று. மறு ஆண்டு அவர் மறைந்தார்.

கதை இத்துடன் முடிந்ததென்றே இருந்தோம். 2021-ல் பாபுஜியின் மகள் வயிற்றுப் பேரன் அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். மான்ட்டானா மாநிலத்தில் குடியுரிமை பெற்று வாழ்பவர். சிறு வயதில் விடுமுறைக்கு வரும்போது நம்மிடம் கணக்குக் கேட்டுப் படித்தவர். நம்மை 'மாமாஜி' என்பார். நலம் விசாரித்தபின், "தாத்தாவின் பிஸ்கட் டப்பா என்னவாயிற்று, மாமாஜி?" என்றார். நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரும் ஆண்டுக்கொரு முறை உரிமம் பெற்று மான் வேட்டைக்குச் செல்பவராம். அவருடைய ரைபிள் 7 மி.மீ. ரெமிங்டன் மாக்னம், 1962-ல் வந்த வகை. கடைகளில் அதற்குத் தோட்டாவும் இல்லை, வெற்றுக் கூடும் இல்லை. மீதமிருக்கும் நாற்பது கூடுகளைக் கணக்கெழுதிக் காப்பாற்றி வருவதாகச் சொன்னார். எந்தக் கூடு எத்தனை முறை சுடப்பட்டது என்று ஏடு வைத்திருக்கிறாராம். முனை வளைந்த கம்பியை உள்ளே விட்டு, பட்டைக்கு முன்னால் பள்ளம் தட்டுகிறதா என்று தடவிப் பார்த்து, தட்டினால் அந்தக் கூட்டை ஒதுக்கிவிடுவாராம். பேரேடு எழுதும் நமக்கு அது இனிய செய்தியாக இருந்தது.

துப்பாக்கி மிகுந்த அமெரிக்காவிலேயே ஏன் இந்தப் பஞ்சம் என்று கேட்டோம். அவர் சொன்ன காரணங்கள் சிந்திக்கத்தக்கவை. 2020-ல் பெருந்தொற்று பரவியபோது அந்நாட்டு மக்கள் முன்னெப்போதும் இல்லாத அளவில் துப்பாக்கிகளும் தோட்டாக்களும் வாங்கிக் குவித்தனர். அதே ஆண்டில் பழம்பெரும் ரெமிங்டன் நிறுவனம் நொடித்துப்போய், ஆர்கன்சாஸ் மாநிலத்திலிருந்த அதன் தோட்டாத் தொழிற்சாலை கைமாறியது. இயங்கிய ஆலைகளெல்லாம் கோடிக்கணக்கானோர் கேட்கும் 9 மி.மீ., 5.56 மி.மீ. போன்ற அளவுகளையே அடித்துத் தள்ளின. கூடு செய்வது எளிய காரியமன்று. பித்தளைத் தகட்டிலிருந்து வட்டம் வெட்டி, கிண்ணமாக்கி, பலமுறை இழுத்து நீட்டி, ஒவ்வோர் இழுப்புக்கும் இடையே சூடுகாட்டிப் பதப்படுத்தி, அடியை அழுத்தி, பெயரைப் பொறிக்கவேண்டும். அளவு மாறினால் அச்சுகள் அனைத்தும் மாறவேண்டும். சிலர் மட்டுமே கேட்கும் மாக்னத்துக்காக ஓடுகிற இயந்திரத்தை யார் நிறுத்துவார்?

தாமிர விலை ஏறியதும் ஒரு காரணமல்லவா என்றோம். 2021 மே மாதத்தில் உலகச் சந்தையில் தாமிரம் டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது உண்மையே. கையில் பென்சில் இருந்ததால் கணக்குப் போட்டுப் பார்த்தோம். டன் 10,000 டாலர் என்றால் கிலோ 10 டாலர். 16 கிராம் கூடு முழுவதும் தாமிரமே என்று வைத்துக்கொண்டாலும் 16 சென்ட். துத்தநாகம் அதைவிட மலிவு; எனவே கூட்டிலுள்ள உலோகம் 16 சென்ட்டுக்கும் குறைவு. பேரனோ புதிய மாக்னம் கூடு ஒன்று டாலருக்கு மேல் என்கிறார். அரிய வகைகள் இரண்டு, மூன்று டாலர் என்கிறார். மிச்ச விலை எதற்கு? வடிவத்துக்கு. அந்த வடிவத்தைச் செய்ய முன்வருவோர் குறைவு என்பதற்கு. ஜபல்பூர்ப் பாத்திரக் கடைத் தராசு நமக்குச் சொல்லாமல் விட்டது இந்த மிச்சத்தைத்தான்.

பேரனிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமலிருந்து, பிறகு உரக்கச் சிரித்தார். "எட்டு வின்செஸ்டர் கூடுகளைப் போட்டுச் சர்க்கரை டப்பா வாங்கினீர்களா, மாமாஜி!" என்றார். அவர் சிரிப்பில் பாபுஜியின் சாயல் இருந்தது. இம்முறை நாமும் சேர்ந்து சிரித்தோம்.

வேட்டையை நாம் விரும்புகிறவரல்லர். பாபுஜியின் ரைபிள் 34 ஆண்டுகள் மௌனமாக இருந்ததில் நமக்கு மகிழ்ச்சியே. இங்கே சொல்லவந்தது வேறு. ஒரு பொருளைப் பயன்படுத்துவோர் குறையக் குறைய, அதைப் புதிதாகச் செய்ய எவரும் முன்வருவதில்லை. அந்நிலையில் இருப்பதைக் காப்பதுதான் உற்பத்தி. அதை நாம் எடைக்குப் போட்டுவிட்டால் பணம் கொடுத்தும் மீட்க முடியாது.

சென்ற ஆண்டு நம் சங்கத்து அன்பர் ஒருவர் ஓய்வுபெற்று ஊர் திரும்பினார். வார இதழ்களில் வந்த தொடர்கதைகளை ஓவியங்களோடு பிரித்தெடுத்து, அவருடைய தாயார் தைத்துக் கட்டிவைத்த பைண்டுகள் பதினொன்று இருந்தன. பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பழைய பேப்பர்க்காரர் தராசில் ஏற்றிக்கொண்டிருந்தபோது தற்செயலாக நாம் அங்கே போய்ச் சேர்ந்தோம். "காகிதம்தானே சார், உளுத்துப்போச்சு" என்றார் அன்பர். நமக்கு ஐப்பசி மாதத்துச் செய்தித்தாளும் துணைவியாரின் கேள்வியும் நினைவுக்கு வந்தன. கிலோ விலைக்கு மேல் பத்து ரூபாய் சேர்த்துக் கொடுத்து அவற்றைச் சங்க நூலகத்துக்குத் தூக்கி வந்தோம். இரண்டில் பக்கங்கள் உதிர்கின்றன. ஒன்பது நன்றாக இருக்கின்றன. ஞாயிறு வகுப்புக்கு வரும் குழந்தைகளுக்கு அவற்றிலிருந்து வாரம் ஓர் அத்தியாயம் படித்துக் காட்டுகிறோம். அடுத்த வாரம் என்ன ஆகும் என்று இரண்டு குழந்தைகள் தாமே எழுத்துக்கூட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

அன்பர்களுக்கு நம் விண்ணப்பம் ஒன்றே. பரணை ஒழிக்கும் நாளில், எதையும் தராசில் வைக்கும் முன், அது யாருடையது, எதற்காக வைத்திருந்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வீட்டில் யாரேனும் அவ்வாறு கேட்டால் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு விடை சொல்லுங்கள்.

மிஞ்சிய ஐந்து கைனாக் கூடுகள் ரைபிளோடு போய்விட்டன. நம்மிடம் ஒரு கூடும் இல்லை. எவர்சில்வர் சம்புடம் இருக்கிறது. அதில் இன்றும் சர்க்கரைதான். டிரங்குப் பெட்டியில் நான்கு ரசீதுகள் இருக்கின்றன. கடைசி ரசீதில், எதன் பொருட்டுப் பணம் பெறப்பட்டது என்ற இடத்தில், பாபுஜி தம் நடுங்கும் கையால் எழுதியிருக்கிறார்: 'கூடு எட்டு. கணக்கு நேர்.' நம் அலுவலக வாழ்வில் எத்தனையோ கணக்குகளை நேர் செய்து கையெழுத்து வாங்கியிருக்கிறோம். எடுத்துப் பார்க்கவேண்டும் என்று தோன்றுவது இந்த ஒன்றைத்தான்.